முகத்துக்கு ஒரு கேமரா, காலுக்கு ஒரு கேமரா

“இது யார் காலுமா?” என்று அவர் கேட்டார்.

கேமராவின் முதுகில் இருந்த திரையில் ஓர் உள்ளங்கால் தெரிந்தது. கட்டைவிரலுக்குக் கீழே, நடக்கும்போது தரையில் அழுந்தும் சதையில், நாவல்பழம் நுழையும் அளவுக்கு ஒரு குழி. அதைச் சுற்றி வெள்ளையாகத் தடித்துப்போன தோல். படத்தைப் பார்த்தவர் பிள்ளையார்பாளையத்து நெசவாளர். ஐம்பத்திரண்டு வயது, பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மருந்து கட்டும் அறையின் நீள மேசையில் இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். மேசையின் மறுமுனையில் நின்ற எங்கள் நர்ஸ், நாங்கள் எல்லோரும் ‘சிஸ்டர்’ என்றே அழைத்தவர், கேமராவை அவர் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்திருந்தார்.

“உங்க கால்தான்ணா.”

“சும்மா சொல்லாதமா. என் கால்ல வலியே கெடையாது. வீட்டுல வாடை அடிக்குதுன்னு சொன்னா, அதுக்கோசரம்தான் வந்தேன்.”

“கட்டவிரல் ஓரத்துல தழும்பு ஒண்ணு இருக்குது பாருங்க. அது யாரோடது?”

அவர் சிரமப்பட்டு முன்னால் குனிந்து தன் கட்டைவிரலைத் தடவினார். தழும்பு அங்கே இருந்தது. மறுபடியும் திரையைப் பார்த்தார். “இவ்ளோ பெரிய ஓட்டையோடவா நான் தறி மிதிச்சிக்கினு இருந்தேன்?” என்று கேட்டார்.

“வலிக்காததுதான்ணா இந்த வியாதி,” என்றார் சிஸ்டர்.

நான் அறை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே புண்ணைப் பற்றி அவரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாரே தவிர, நான் சொன்ன ஒரு சொல்லும் அவருக்குள் இறங்கவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. சிஸ்டர் ஒரு பொத்தானை அழுத்திப் புரியவைத்துவிட்டார். அதுவும் என் பொத்தான்.

அந்தக் கேமரா என்னுடையது. இரண்டாயிரத்துக்குப் பின் நாலைந்து ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது. செல்பேசியில் எடுத்த படம் ஈரத்தில் நனைந்த காகிதம்போல இருக்கும். சிங்கப்பூரிலிருந்து வந்த என் தங்கை, சீட்டுக்கட்டு அளவில் ஒரு வெள்ளி நிறக் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தாள். முகப்பு மூடியை விரலால் நகர்த்தினால் உயிர் பெறும். சட்டைப்பையில் போட்டால் இருப்பதே தெரியாது. மகளின் பிறந்தநாள் படங்களை எல்லோருக்கும் காட்டுவதற்காக அன்று கிளினிக்குக்கு எடுத்து வந்து மேசைமேல் வைத்திருந்தேன். சிஸ்டர் அதைக் கையில் எடுத்து, “டாக்டர், இதுல கிட்டக்க எடுத்தா தெளிவா விழுமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் என் கிளினிக் இருந்தது. சர்க்கரை நோயாளிகளின் கால்களை மட்டும் பார்ப்பதென்று முடிவு செய்து அதைத் தொடங்கியபோது, சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பலருக்கு வருத்தம். வாத்தியார் மகன் இதய மருத்துவன் ஆவான் என்று எதிர்பார்த்திருந்தார்கள். கடைசியில் ‘கால் டாக்டர்’ என்ற பெயர் நின்றது. எனக்கு அந்தப் பெயரில் குறை ஒன்றும் இல்லை. இந்த ஊரில் கால் போனால் தொழில் போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நெசவாளர் தறிக்குழியில் கால்களை இறக்கி மிதிக்கட்டைகளை மாற்றி மாற்றி அழுத்தியபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். உணர்ச்சி போன பாதம் கட்டையில் தேய்ந்துகொண்டே இருக்கும். மேலே கைகள் புடவையில் மயில்களையும் அன்னங்களையும் ஓட்டிக்கொண்டிருக்க, கீழே இருட்டில் நடப்பது அவருக்குத் தெரியாது.

சிஸ்டருக்கு அப்போது முப்பத்துநாலு, முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைவிட நாலு வயது இளையவர். வாலாஜாபாத்துக்கு அருகே ஒரு பாலாற்றங்கரை ஊரின் காலனிதான் அவர் பிறந்த இடம். தாத்தா காலம்வரை பிறர் நிலத்தில் கூலி வேலை. அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலைக்குப் போனார். அந்தக் காலனியிலிருந்து நர்ஸ் படிப்புக்குப் போன முதல் பெண் இவர். மனிதர்களை முகத்தால் அல்ல, பாதத்தால் நினைவு வைத்திருந்தார். கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் அவர் பார்வை முதலில் கீழே இறங்கும். பிறகுதான் பெயர் நினைவுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் செருப்புகளைக் கழற்றி வைக்கும் இடத்தில் நின்று, எந்தச் செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன் என்று ஒருமுறை சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுவாரம், அப்படிக் கண்டுபிடித்த ஒருவரைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

அன்று முதல் என் கேமரா கிளினிக்கின் கருவியாகிவிட்டது. ஒவ்வொரு நோயாளிக்கும் கணினியில் ஒரு கோப்புறை திறந்து, ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் ஒரு படம் எடுத்துச் சேர்த்தோம். வர முடியாதவர்களின் வீட்டுக்குச் சிஸ்டர் தன் மொபெட்டில் போய்க் கட்டு மாற்றிவிட்டு, படத்தோடு திரும்புவார். மாலையில் நான் கணினித் திரையில் பார்த்து, அடுத்து என்ன செய்வது என்று அவரவர் தாளில் எழுதுவேன்; அதன் நகலைச் சிஸ்டர் மறுமுறை போகும்போது வீட்டில் கொடுப்பார். அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் வேறு யாரும் இப்படிச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. எனக்கு அதில் பெருமை உண்டு. அந்தப் பெருமையை நான் மறைத்ததும் இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்து இரண்டாவது கேமரா வந்தது. சிஸ்டரின் கணவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே ஆண்டு விழாக் குலுக்கலில் அவருக்கு விழுந்த பரிசு அது. சாம்பல் நிறம், குட்டையான தடித்த உடல், தீப்பெட்டியளவு திரை. இரண்டு பென்சில் பேட்டரி போட வேண்டும். “இதையும் வேலைக்கு வச்சிக்கலாமா டாக்டர்?” என்று கேட்டபடி சிஸ்டர் அதை என் மேசைமேல் வைத்தபோது, வெள்ளிக் கேமராவுக்குப் பக்கத்தில் அது, கல்யாண வீட்டுக்கு வேலை உடுப்போடு வந்துவிட்டவரைப்போல நின்றது.

எதையும் சோதித்துப் பார்க்காமல் முடிவு சொல்வது என் வழக்கம் இல்லை. கூட்டம் இல்லாத ஒரு மத்தியானத்தில் இரண்டையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். ஏகாம்பரநாதர் கோபுரத்தை இரண்டாலும் எடுத்தேன். கீழே பூக்காரம்மாவின் கூடையை எடுத்தேன். சிஸ்டரை ஒரு படம், பள்ளியிலிருந்து வந்த என் மகளை ஒரு படம். என் கேமரா மூடியை நகர்த்திய வேகத்திலேயே தயாராக இருந்தது. சாம்பல் கேமரா கொட்டாவி விட்டு எழுந்திருப்பதுபோல மூக்கை நீட்டி, சற்று யோசித்து, பிறகுதான் கண் திறந்தது. என்னுடையதன் பேட்டரி தட்டையானது, ஒரு முறை ஏற்றினால் மூன்று நாள் தாங்கும். அவருடையது அறுபது படத்துக்குள் சோர்ந்துவிடும். ஆனால் எந்தப் பெட்டிக்கடையிலும் புது பேட்டரி கிடைக்கும் என்று சிஸ்டர் உடனே எடுத்துச் சொன்னார். படங்களைக் கணினியில் போட்டதும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. வெள்ளிக் கேமராவில் வானம் நீலமாக, கனகாம்பரம் தணலாக, என் மகளின் கன்னம் அப்போதுதான் ஓடி வந்ததுபோல இருந்தது. சாம்பல் கேமராவில் எல்லாமே கொஞ்சம் வாடியிருந்தன.

ஓர் இடத்தில் மட்டும் சிஸ்டருடையது முந்தியது. அதில் பூப் படம் போட்ட ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் நாலு விரல் தூரத்திலிருந்துகூடக் கூர்மையாக எடுத்தது. என்னுடையது அவ்வளவு நெருங்கினால் கலங்கிவிடும். சிஸ்டர் தன் உள்ளங்கை ரேகையை எடுத்துக் காட்டினார். நான் அதை ஒப்புக்கொண்டேன். ஆனாலும் மொத்தத்தில் எது நல்ல கேமரா என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. “இனிமே ரெண்டுலயும் எடுத்து நேரத்த வீணாக்க வேண்டாம் சிஸ்டர், என்னோடதே போதும்,” என்றேன். அவர் சரி என்றார். ஆனால் சாம்பல் கேமராவைப் பையிலிருந்து வெளியே வைத்துவிடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலில் சொன்ன அந்த நெசவாளரின் புண் இதற்கிடையில் பாதி ஆறி, மறுபடி திறந்துகொண்டது. முகூர்த்த மாதம் நெருங்கியிருந்தது. தறியில் ஒரு கல்யாணப் புடவைக்குப் பாவு, அதாவது நெடுக்கு நூல், ஏற்றியிருந்தார். அரக்கு உடல், மயில் கழுத்து நிறக் கரை. காலைத் தரையில் ஊன்றக்கூடாது, தறி ஏறவே கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஏறவில்லை என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். கிளினிக்குக்கு நடந்து வருவதையாவது தவிர்க்கலாம் என்று, ஒருநாள் விட்டு ஒருநாள் சிஸ்டரை அவர் வீட்டுக்கு அனுப்பினேன்.

மூன்று முறை படம் வந்தது. மூன்றிலும் புண்ணின் தரை மாதுளை முத்துபோலச் சிவந்திருந்தது. ஆறும் புண்ணுக்கு அந்த நிறம்தான் அடையாளம். ரத்த ஓட்டம் இருக்கிறது, புதுச் சதை வளர்கிறது என்று பொருள். ‘நன்றாக ஆறி வருகிறது, இதே கட்டுத் தொடரலாம்’ என்று மூன்று முறையும் எழுதினேன்.

மூன்றாவது மாலை சிஸ்டர் போகாமல் மேசைக்கு எதிரே நின்றார்.

“டாக்டர், எனக்கு அது ஆறுற மாதிரி தெரியல. ஓரம் கருத்துக்கினு வருது. வாடையும் இருக்குது.”

“இதோ பாருங்க சிஸ்டர், எவ்வளவு சிவப்பா இருக்கு.” கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் பையிலிருந்து சாம்பல் கேமராவை எடுத்தார். அதே கால், அதே நாள். தீப்பெட்டித் திரையில் புண் ஊதா கலந்த கருமையாக இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் இரண்டிலும் எடுத்திருக்கிறாரே என்ற எரிச்சல்.

“உங்க கேமராவுல எதுதான் வாடாம இருந்துது? அன்னைக்கு மாடில எடுத்தோமே, என் பொண்ணு காய்ச்சல்காரி மாதிரி இருந்தா. அதப் பாத்து நான் வைத்தியம் பண்ண முடியுமா?”

சிஸ்டர் கேமராவைப் பையில் போட்டு, ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். இன்றைக்கும் அந்த ஜிப்பின் ஓசை எனக்குக் கேட்கிறது. அவர் தன் கண்ணால் கண்டதையும் மூக்கால் உணர்ந்ததையும் சொன்னார். கேமரா பற்றிய பேச்சாக அதை மாற்றியவன் நான். எதிரே நிற்கும் ஒரு பெண்ணின் சொல்லைவிட, திரையில் தெரியும் படத்தை நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்தப் படம் நான் எழுதியதற்குச் சாதகமாகவும் இருந்ததே. அவர் என்னைப்போல ஒரு டாக்டராக இருந்து அதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் அந்தக் காலைப் பார்க்க நான் எழுந்து போயிருப்பேனா என்று பின்னாளில் என்னையே கேட்டிருக்கிறேன். போயிருப்பேன் என்பதுதான் உண்மை.

மறுநாள் முறைப்படி அவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. காலையில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் கிளம்பிப் போனார். பதினொன்றரை மணிக்குத் திரும்பினார். நான் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினார். இரண்டு கேமராக்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு கைக்குட்டையைப் பிரித்து மூன்று பட்டு நூல் இழைகளை வைத்தார். ஒன்று அரக்கு, ஒன்று வெங்காயத் தோல் நிறம், ஒன்று சாயம் ஏறாத வெள்ளை.

நடந்ததை அவரே சொன்னார். இரண்டு கேமராக்களின் படங்களையும் நெசவாளரிடம் காட்டி, “எதுண்ணா சரியா இருக்குது?” என்று கேட்டிருக்கிறார். வாழ்நாள் முழுக்கப் பாவுக்கும் குறுக்கே ஓடும் ஊடைக்கும் நிறம் சேர்த்துப் பார்த்தவர் அந்த மனிதர். மனைவியை முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி, அதில் தன் உள்ளங்காலைப் பார்த்திருக்கிறார். திரைகளைப் பார்த்திருக்கிறார். பிறகு, “கலர தனியா வச்சிப் பாத்தா தெரியாதுமா. தெரிஞ்ச கலர பக்கத்துல வச்சிப் பாக்கணும்,” என்று சொல்லி, தறியோரம் கிடந்த நூலில் மூன்று இழையை அறுத்துப் புண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, “இப்ப எடு,” என்றிருக்கிறார்.

“இந்த நூலக் கையில புடிங்க டாக்டர்,” என்றார் சிஸ்டர். “இப்ப உங்க கேமராவுல அது என்ன கலரா இருக்குதுன்னு பாருங்க.”

என் விரல்களுக்கு இடையில் இருந்த இழை ஆழ்ந்த அரக்கு. வெள்ளிக் கேமராவின் அழகான பெரிய திரையில் அதே இழை குங்குமச் சிவப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தது. வெங்காயத் தோல் நிறம் ரோஜா நிறமாகியிருந்தது. சாம்பல் கேமராவில் அரக்கு அரக்காக இருந்தது. நூலுக்குப் பக்கத்தில் புண், நூலைவிடக் கருப்பாக இருந்தது.

நூலை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். காத்திருப்பவர்களை மாலையில் வரச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். சிஸ்டர் மொபெட்டில் முன்னால் போனார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே வாடை என்னைத் தொட்டது. எந்தத் திரையையும் பார்க்கத் தேவையில்லாத வாடை. தறியில் அரக்குப் புடவை முக்கால் பங்கு முடிந்திருந்தது. நான் அவர் காலருகே உட்கார்ந்தேன். கட்டைப் பிரித்து, மெல்லிய எஃகுக் கம்பியைப் புண்ணுக்குள் விட்டபோது முனை எலும்பில் தட்டியது. அவர் தறியைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. அழுகல் எலும்பைத் தொட்டுவிட்டது, கட்டைவிரல் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. எதுவரை பரவியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

“இன்னைக்கே மெட்ராஸ் போகணும்,” என்றேன்.

அவர் மனைவி கதவு ஓரத்தில் நின்றிருந்தார். “நல்லா ஆறிக்கினு வருதுன்னு நேத்திக்கிகூட எழுதிக் குடுத்தீங்களே சார்?”

எங்கள் வீட்டில் ஆண்கள் யாரும் ‘நான் செய்தது தப்பு’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் வந்துவிட்டது. “நான் எழுதுனது தப்புமா. சிஸ்டர் சொன்னதுதான் சரி. நேத்தே நான் வந்து பாத்திருக்கணும்.”

அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ரெண்டு வேட்டி எடுத்து வைக்கறேன்,” என்று உள்ளே போனார். நெசவாளர் மட்டும், “தறி ஏற முடியுமா சார்?” என்று கேட்டார். முடியும் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்குள் இரண்டாவது தப்பைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சிஸ்டர்தான் அவர் தோளில் கை வைத்து, “ஏற வைக்கறோம்ணா,” என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு என்ன ஆதாரம் இருந்தது என்று தெரியாது. சொன்ன விதத்தில் நானே நம்பினேன்.

சென்னையில் கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் நாலைந்து நாள் தள்ளியிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று அறுவை மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். ‘நன்றாக ஆறி வருகிறது’ என்று நான் எழுதியிருந்த தாளை எடுத்து, ‘படத்தை நம்பித் தவறாக மதிப்பிட்டேன், சிஸ்டர் அன்றே எச்சரித்தார்’ என்று என் கையெழுத்தில் எழுதிக் கீழே கையொப்பம் போட்டேன். அதைச் சிஸ்டரிடம் காட்டி மன்னிப்புக் கேட்டேன்.

அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “சாரியெல்லாம் வேணாம் டாக்டர். இனிமே நான் வாடை அடிக்குதுன்னு சொன்னா எழுந்து வாங்க. எந்தக் கேமராவுலயும் வாடை விழாது.”

என் கேமரா ஏன் அப்படிச் செய்தது என்பதைப் பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். நிறங்களைத் தூக்கிக் காட்டும் ஓர் அமைப்பு அதில் எப்போதும் இயங்கிக்கொண்டிருந்தது. தறி அறையின் மஞ்சள் பல்பு வெளிச்சத்தைச் சரிசெய்யாமல், அது தன் விருப்பத்துக்குச் சிவப்பைக் கூட்டியது. குறை என்று சொல்ல முடியாது. பிறந்தநாளையும் சுற்றுலாவையும் அழகாகக் காட்டச் செய்த கேமரா அது. அந்த வேலையை நன்றாகவே செய்தது. சாம்பல் கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி வைத்தது.

அதன்பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு வந்தது. “உங்கது மூஞ்சிக்கு, என்னது காலுக்கு,” என்று சிஸ்டர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்படியே நடந்தது. புண் முழுக்க ஆறியவர்களை வாசலில் நிற்கவைத்து வெள்ளிக் கேமராவில் ஒரு முகப்படம் எடுப்போம். காலைச் சாம்பல் கேமராவில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயமும் நூலும் வைத்து எடுப்போம். நாணயம் அளவுக்கு, நூல் நிறத்துக்கு. சென்னையிலிருந்து திரும்பிய நெசவாளர், குங்குமச் சிவப்பில் தொடங்கி அரக்கு, கத்தரிப்பூ நிறம் வழியாகக் கருப்புவரை ஐந்து இழைகளை ஒரு சின்ன அட்டையில் வரிசையாகச் சுற்றி, தானே கொண்டுவந்து சிஸ்டரிடம் கொடுத்தார். கிளினிக்கைப் பார்க்க வந்த ஒரு பெரிய மருத்துவர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்தக் கம்பெனி தயாரிப்பு என்று கேட்டார். “பிள்ளையார்பாளையம்,” என்றார் சிஸ்டர்.

நாலரை மாதம் கழித்து அந்த மனிதர் தறி ஏறினார். மிதிக்கட்டைக்குத் தோலும் பஞ்சும் வைத்துத் தைத்து, பாதத்தின் வெளி ஓரத்தால் அழுத்தப் பழகியிருந்தார். நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தோம். வெள்ளிக் கேமராவில் அவரைத் தறியோடு சேர்த்து ஒரு படம் எடுத்தேன். திரையைப் பார்த்த அவர் மனைவி, “இவ்ளோ செவப்பா இவரு எப்ப இருந்தாரு?” என்று கேட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

சிஸ்டர் என்னோடு மேலும் ஆறு ஆண்டுகள் இருந்தார். பிறகு வாலாஜாபாத்தில் தானே ஒரு பாதப் பராமரிப்பு நிலையம் தொடங்கப் போவதாகச் சொன்னார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவர் இல்லாமல் என் கிளினிக் எப்படி நடக்கும் என்ற பயத்துக்குத்தான் கோபம் என்று பெயர் வைத்திருந்தேன் என்று அப்புறம் புரிந்தது. திறப்பு விழாவுக்குப் போனேன். ரிப்பன் வெட்டச் சொன்னார், வெட்டினேன். அதன்பின் தொலைபேசியில் பேசுவதோடு சரி.

இன்றைக்கு நோயாளிகளின் பிள்ளைகள் செல்பேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். துபாயிலிருந்து ஒருவர் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் அப்பாவின் காலை எனக்கு அனுப்புகிறார். எல்லாப் படமும் கூர்மை, எல்லாப் புண்ணும் அழகு. நேரில் கூட்டி வாருங்கள் என்று ஒவ்வொருவருக்கும் பதில் போடுகிறேன். அந்த விஷயத்தில் எனக்கு இப்போது சந்தேகம் ஏதும் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, மனைவியோடு திருமுக்கூடலுக்குப் போயிருந்தேன். மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கும் அந்தக் கோயிலின் கல்வெட்டுகளைப் பார்க்க அவளுக்கு வெகுநாள் ஆசை. உச்சி வெயிலில் கல் தரையில் வெறுங்காலோடு சுற்றினோம். திரும்பும் வழியில், சொல்லாமல் கொள்ளாமல் சிஸ்டரின் நிலையத்துக்குள் நுழைந்தேன். தலை நரைத்திருந்தது, மூக்குக் கண்ணாடி வந்திருந்தது. இரண்டு பெண்கள் அவரிடம் வேலை செய்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகம் மலரும் என்று நினைத்தேன். அவர் பார்வை கீழே போயிற்று.

“டாக்டர், ஏன் எடது கால ஓரமா வச்சி நடக்கறீங்க?”

“அப்படியா நடக்கறேன்?”

“உக்காருங்க.”

எனக்கும் ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை. அதை அவரிடம் சொன்னதில்லை. உண்மையில், மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. நாள் முழுக்க ஊரார் காலைப் பார்க்கும் எனக்கு, என் காலை ஒருவரிடம் நீட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை. சிஸ்டர் என் இடது பாதத்தைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். நான் வெட்கத்தில் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்; அவர் விடவில்லை. கல் சுட்டதில் குதிகாலுக்கு முன்னால் ஒரு கொப்புளம் எழும்பி உடைந்திருந்தது. எனக்கு ஒரு துளி வலிகூட இல்லை. அது வலித்திருக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கழுவினார், மருந்து வைத்தார், கட்டினார். அந்தக் கைகள் கொஞ்சமும் மாறவில்லை.

“வியாழக்கிழமை வந்து காட்டுங்க.”

“நானே கட்டு மாத்திக்கறேன் சிஸ்டர். எனக்குத் தெரியாததா?”

“தெரிஞ்ச லட்சணம்தான் பாத்தேனே. ஒம்பது மணிக்கு வாங்க. முன்னாடியே சொல்லிட்டேன், டோக்கன் வாங்கிக்கினு வரிசையிலதான் உக்காரணும்.”

வியாழக்கிழமை என் கிளினிக்கைப் பன்னிரண்டு மணிக்குத் திறப்பதாகச் சொல்லிவிட்டு வாலாஜாபாத் போனேன். எனக்குக் கிடைத்தது பதினான்காம் எண். என்னை அங்கே யாருக்கும் தெரியவில்லை. நீளப் பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்த ஓர் அம்மாள், கட்டுப் போட்ட தன் வலது காலை முன்னால் நீட்டிக்கொண்டு, “உனக்கு எந்தக் கால்பா?” என்று கேட்டார்.

“எடதும்மா,” என்றேன்.